சுடர் இல்லாத நொடிகள்



பேவர் ஓட்டுகிறவர்கள், ஸ்க்ரீட் பக்கம் நின்று கனம் பார்க்கிறவர்கள், சிலிண்டர் தூக்கி மாட்டுகிற ஹெல்பர்கள், சைட் இன்ஜினியர்கள், ஐ.டி.ஐ. மாணவர்கள் என்று எல்லோரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள். இப்படி ஒரு அவைதான் இந்தப் பொருளுக்கு வேண்டும். பர்னரைப் பற்றி இன்ஜினியர்களிடம் மட்டும் பேசினால் அது காகிதத்தோடு நின்றுவிடும். ஹெல்பர்களிடம் மட்டும் பேசினால், பர்னரைப் பார்வையிட அவர்கள் கேட்கும் அரை மணி நேரத்தைக் கொடுக்க யாரும் இருக்க மாட்டார்கள்.

தார் ரோடு போடுகிற பேவரில் எதற்கு நெருப்பு? கலவை சுடச்சுட வருகிறது. நம் ஊரில் பெரும்பாலும் பயன்படும் வி.ஜி. 30 தாராக இருந்தால் பிளாண்ட்டில் 150 முதல் 165 டிகிரி வரை வைத்துக் கலக்குகிறார்கள். ரோட்டில் விரிக்கும்போது 140 டிகிரிக்குக் குறையக் கூடாது என்பது விதி. அந்தக் கலவை, அதைச் சமப்படுத்திக்கொண்டே வரும் ஸ்க்ரீட்டின் அடித்தகட்டைத் தொட்டுக்கொண்டு போகிறது. தகடு ஆறியிருந்தால் தார் அதில் ஒட்டும். ஒட்டிய தார் பின்னால் வரும் கலவையைப் பிய்க்கும். புது ரோட்டில் நீள நீளமாகக் கீறல் விழும். அதனால்தான் வேலை தொடங்குமுன் தகட்டைக் கலவையின் சூட்டுக்கு நெருங்கக் காய்ச்சுகிறோம். கலவை ஓட ஆரம்பித்துவிட்டால் அதன் சூடே தகட்டைக் காப்பாற்றிக்கொள்ளும், பர்னரை அணைத்துவிடலாம். ஆக, பர்னர் எரிய வேண்டியது காலையில் கொஞ்ச நேரம், டிப்பர் வரத் தாமதமாகும்போது கொஞ்ச நேரம், அவ்வளவுதான். அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் முகம் கருகுகிறது, கை வேகிறது.

நான் இங்கே அழுத்திச் சொல்ல வந்தது ஒன்றுதான். எரிகிற சுடரைப் பார்த்து எல்லோரும் ஒதுங்கி நிற்கிறோம். கேஸ் வந்துகொண்டிருக்கிறது, சுடர் இன்னும் பிடிக்கவில்லை என்ற அந்தச் சில நொடிகளில் மட்டும் குனிந்து உள்ளே பார்க்கிறோம். ஆபத்து முழுவதும் அங்கேதான் இருக்கிறது. பர்னர் பராமரிப்பில் நாம் செய்யும் ஒவ்வொரு வேலையும், சுடர் இல்லாமல் கேஸ் வரும் நேரத்தை இல்லாமல் செய்வதற்காகத்தான்.

கேஸின் குணத்தை முதலில் தெரிந்துகொள்வோம். சிலிண்டரில் இருப்பது புரோப்பேனும் பியூட்டேனும் கலந்த திரவம். அது வெளியே வந்து வாயுவாகும்போது சுமார் 250 மடங்கு பெருகும். காற்றை விட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனம். அதனால் மேலே போகாது. தண்ணீரைப் போல் பள்ளம் தேடி ஓடித் தேங்கும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே பற்றிக்கொள்ளும். ஒன்பது, ஒன்பதரைப் பங்குக்கு மேல் போனால் பற்றாது. ஆனால் அதை நம்பி யாரும் நிற்க முடியாது, காற்று கொஞ்சம் அசைந்தால் மறுபடி பற்றும் அளவுக்கு வந்துவிடும்.

இப்போது ஸ்க்ரீட்டை நினைத்துப் பாருங்கள். தரையோடு தரையாக இருக்கிறது. மேலே மூடி, கீழே தகடு, நடுவே பர்னர் எரியும் குறுகிய அறை. கசிந்த கேஸ் தங்குவதற்கு இதைவிட வசதியான இடம் வேறு எங்கும் கிடைக்காது. அதோடு, டேம்பரும் வைப்ரேட்டரும் நாள் முழுக்க அந்த உடம்பை உதறிக்கொண்டே இருக்கின்றன. வீட்டு அடுப்பின் இணைப்பு பத்து வருடம் அசையாமல் கிடக்கும். பேவரில் நேற்று முறுக்கிய நட்டு இன்று தளர்ந்திருக்கும். ஸ்க்ரீட்டை அகலப்படுத்தவும் குறுக்கவும் நீட்டி இழுக்கும்போதெல்லாம் ஹோஸும் கூடவே இழுபடுகிறது, மடங்குகிறது, சூடான இரும்பில் உரசுகிறது. ஆகவே பேவர் பர்னரை மாதாமாதம் பார்த்தால் போதும் என்று சொல்கிறவர் பேவரின் பக்கத்தில் நின்றவர் அல்ல. அதைத் தினமும் பார்க்க வேண்டும்.

கசிந்தால் வாசனை வருமே என்பீர்கள். கேஸுக்குச் சொந்தமாக வாசனை கிடையாது. நாம் கண்டுகொள்வதற்காக மெர்காப்டன் என்ற நாற்றப்பொருளைச் சேர்க்கிறார்கள். வீட்டில் அது நம்மைக் காப்பாற்றும். தார்ப்புகைக்கு நடுவே, டீசல் வாடைக்கு நடுவே, இரவெல்லாம் விழித்த மூக்குக்கு அது தெரியாமல் போகலாம். சென்னை போன்ற நகரங்களில் பழைய ரோட்டைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் போடும் வேலை பெரும்பாலும் இரவில்தான் நடக்கிறது. சுரண்டிய பள்ளம் ஒரு பக்கம், மழைநீர் வடிகாலின் திறப்பு ஒரு பக்கம். கசிந்த கேஸ் அங்கே இறங்கித் தேங்கினால் யாருக்கும் தெரியாது. பீடி பற்றவைக்க ஓரமாகப் போகிறவருக்குத் தெரிவதற்குள் நேரம் கடந்துவிடும். மூக்கை நம்பாதீர்கள், சோப்புத் தண்ணீரை நம்புங்கள்.

காலையில் என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறேன். இரவு மழைக்கும் பனிக்கும் பயந்து பேவரைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டுப் போகிறோம். சிலிண்டர் வால்வை இறுக்க மூடாமல் விட்டிருந்தால், கசிந்த கேஸ் முழுவதையும் அந்தத் தார்ப்பாய் காவல் காத்து வைத்திருக்கும். ஆகவே முதல் வேலை தார்ப்பாயை முழுதாக எடுத்துவிட்டு, மூடிகளைத் திறந்து, காற்றோட விடுவது. ஒரு ஓரத்தை மட்டும் தூக்கிக்கொண்டு உள்ளே லைட்டரை நீட்டுவதைப் பார்த்திருக்கிறேன். அதைப் பார்த்தால் உடனே கையைப் பிடித்து நிறுத்துங்கள். இதைவிட நல்லது, வேலை முடிந்ததும் சிலிண்டரைக் கழற்றி, காற்றோட்டமான இடத்தில், பூட்டிய கம்பி அடைப்புக்குள் நிறுத்திவிடுவது. ஆட்கள் படுக்கும் கொட்டகைக்குள் கொண்டுபோக வேண்டாம். அந்தச் சிலிண்டரில் சோறு சமைக்கவும் வேண்டாம். சமையலுக்கு மாட்டிய ரெகுலேட்டரும் ஹோஸும் மறுநாள் காலையில் பேவருக்கு வந்துவிடும். வீட்டு ரெகுலேட்டர் கொடுக்கும் அழுத்தம் வேறு, ஸ்க்ரீட் பர்னர் கேட்கும் அழுத்தம் வேறு. அழுத்தம் குறைந்தால் சுடர் ஒழுங்காக நிற்காது, நின்று நின்று அணையும். நான் சொன்ன ஆபத்தான நொடிகள் அப்போதுதான் திரும்பத் திரும்ப வரும். வீட்டுக்கான 14.2 கிலோ சிலிண்டரை வேலை இடத்தில் பயன்படுத்துவது சட்டப்படியும் தவறு. தொழிலுக்கு 19 கிலோ சிலிண்டர் இருக்கிறது.

சிலிண்டரை வாங்கும்போதே கழுத்துப் பட்டைகளைப் பாருங்கள். ஒன்றில் ஒரு எழுத்தும் ஆண்டும் இருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி என்றால் ஜூன் வரை, சி செப்டம்பர் வரை, டி டிசம்பர் வரை. அந்தக் காலாண்டுக்குள் அதை மறுபரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்று அர்த்தம். காலம் கடந்த சிலிண்டரைத் திருப்பிக் கொடுக்க ஹெல்பருக்கும் உரிமை உண்டு.

சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்தே நிற்க வேண்டும். பேவர் ஆடுகிறது, இடம் போதவில்லை என்று படுக்க வைத்தால் வாயுவுக்குப் பதில் திரவமே ஹோஸுக்குள் வரும். சின்ன நாசிலில் வாயு வர வேண்டிய இடத்தில் திரவம் வந்து 250 மடங்காக விரிந்தால், பர்னர் வாயிலிருந்து ஆள் உயரத் தீ எழும்பும். படுக்க வைத்த சிலிண்டரில் காப்பு வால்வு இருந்தால் அதுவும் திரவத்துக்குள் மூழ்கிவிடும். கடைசிச் சொட்டு வரை உறிஞ்சலாம் என்று தலைகீழாகக் கவிழ்ப்பவர்களுக்கும் இதைத்தான் சொல்கிறேன். மிச்சமாகும் கேஸின் விலை ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு வராது.

வேகமாகக் கேஸ் இழுக்கும்போது சிலிண்டரின் வெளிப்பக்கம் வியர்த்து, சில நேரம் வெள்ளையாக உறைந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். திரவம் வாயுவாக மாற வெப்பம் வேண்டும். அதைச் சிலிண்டரின் உடம்பிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. உடம்பு குளிர்ந்தால் அழுத்தம் குறையும், சுடர் சிறுக்கும். உடனே ஒருவர் ஓடிப்போய்க் கேஸ் டார்ச் கொண்டுவந்து சிலிண்டருக்குச் சூடு காட்டுகிறார். இதைவிடக் கொடுமையான வைத்தியம் இந்தத் தொழிலில் இல்லை. சிலிண்டர் சொல்வது இதுதான்: நான் ஒருவன் கொடுக்கிற அளவைவிட அதிகம் கேட்கிறாய். இரண்டு சிலிண்டர்களை மேனிஃபோல்ட் குழாயில் சேர்த்துப் பாதிப் பாதியாக இழுத்தால் பனி எளிதில் படியாது.

இணைப்புகளுக்கு வருவோம். கேஸைத் திறந்து, பர்னரை ஏற்றாமல், சிலிண்டர் வால்வு, ரெகுலேட்டர், ஹோஸின் இரு முனைகள், டீ இணைப்புகள், மின்சாரத்தில் திறந்து மூடும் சோலினாய்டு வால்வு என்று வரிசையாகச் சோப்பு நுரை தடவிப் பாருங்கள். நுரை கொப்புளித்தால் கேஸை மூடிவிட்டுத்தான் ஸ்பானரை எடுக்க வேண்டும். ஓடுகிற கேஸிலேயே இறுக்குவதும், தீக்குச்சி காட்டிக் கசிவு தேடுவதும் கூடவே கூடாது. ஹோஸை விரல்களுக்கு நடுவே வளைத்துப் பாருங்கள். வெடிப்பு கண்ணில் படும். தார் தெறித்துக் கெட்டியான இடம், இரும்பில் உரசிப் பின்னல் தெரியும் இடம், வெந்து வழவழப்பான இடம் எதுவானாலும் ஹோஸை மாற்ற வேண்டும். டேப் சுற்றக் கூடாது. ஹோஸ் அறுந்தால் தானாக மூடிக்கொள்ளும் வால்வு ரெகுலேட்டருக்குப் பக்கத்தில் இருக்கும். அடிக்கடி கேஸை நிறுத்துகிறது என்று அதைக் கழற்றிப் போட்டுவிடுகிறார்கள். அது அடிக்கடி நிறுத்துகிறது என்றால் ஹோஸில் எங்கோ கசிவு இருக்கலாம்; அல்லது வால்வைச் சட்டென்று முழுதாகத் திறக்கிறீர்கள். மெதுவாகத் திறந்து பாருங்கள்.

நாசில் துளை மிகச் சின்னது. தூசியோ புகைக்கரியோ அடைத்தால் சுடர் மஞ்சளாகும், புகையும். கையில் அகப்பட்ட கம்பியை விட்டுக் குத்தினால் அடைப்பு போகும், துளையும் அகலும். அதன் பிறகு அந்த ஒரு பர்னர் மட்டும் அதிகமாகக் குடித்து, தகட்டின் ஒரு பக்கம் மட்டும் பழுக்கும். பழுத்த தகடு வளைந்துவிடும். வளைந்த தகடு போடும் ரோடும் மேடு பள்ளமாகத்தான் இருக்கும். நாசிலைக் கழற்றிக் கரைப்பானில் ஊறவைத்து, காற்று அடித்துச் சுத்தம் செய்யுங்கள். துளை கெட்டிருந்தால் அதே அளவில் புதிது போடுங்கள். நீல நிறச் சுடர் வந்தால் பர்னர் நன்றாக மூச்சுவிடுகிறது என்று அர்த்தம்.

இனி இந்த உரையின் மையத்துக்கு, சுடரைக் கண்காணிக்கும் சென்சருக்கு வருகிறேன். 1821இல் தாமஸ் சீபெக் என்ற ஜெர்மன் அறிஞர், இரண்டு வேறு உலோகங்களை வளையமாக இணைத்து ஒரு முனையைச் சூடாக்கியபோது பக்கத்திலிருந்த காந்த ஊசி விலகுவதைக் கண்டார். சூட்டிலிருந்து நேரே மின்சாரம் பிறக்கிறது என்ற அந்த உண்மைதான் நம் பர்னரின் தெர்மோகப்பிள். சுடர் அதைச் சுட்டுக்கொண்டிருக்கும் வரை சில மில்லிவோல்ட் பிறக்கும். அந்தச் சிறு சக்தி கேஸ் வால்வைத் திறந்து பிடித்திருக்கும். சுடர் அணைந்தால் முனை குளிரும், பிடி விடும், வால்வு மூடும். வேறு சில இயந்திரங்களில் சுடரின் ஊடாகவே பாயும் மிக மெல்லிய மின்னோட்டத்தை ஒரு மின்முனை உணர்ந்து, கட்டுப்பாட்டுப் பெட்டிக்குச் சொல்கிறது. சுடர் இல்லை என்று தெரிந்தால் பெட்டி சோலினாய்டை மூடிவிடுகிறது. சுடர் இல்லாத நொடியில் கேஸை நிறுத்த இயந்திரத்தில் வைத்திருக்கும் காவல் இதுதான்.

இந்தக் காவலைத்தான் நம் ஆட்கள் முதலில் கட்டிப்போடுகிறார்கள். ஒரு வயர்த் துண்டு போதும். சோலினாய்டுக்கு நேரே பேட்டரியிலிருந்து மின்சாரம் கொடுத்து, வால்வை எப்போதும் திறந்தே வைத்துவிடுகிறார்கள். ஏன் என்று கேட்டால், சென்சர் சரியில்லை, பர்னர் நின்று நின்று போகிறது என்கிறார்கள். நான் இதைப் பலமுறை திறந்து பார்த்திருக்கிறேன். சென்சர் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். அதன் முனையில் புகைக்கரி படிந்திருக்கும். அல்லது பீங்கான் விரிசல் விட்டிருக்கும். அல்லது எர்த் வயர் துருவில் தளர்ந்திருக்கும். அதிர்ந்துகொண்டே இருக்கும் இயந்திரத்தில் எர்த் தளர்வது மிகச் சாதாரணம். அல்லது முனை சுடரை விட்டு விலகி நிற்கும். மெல்லிய உப்புத்தாளால் முனையைத் துடைத்து, எர்த்தைச் சுரண்டி இறுக்கி, இடைவெளியை உற்பத்தியாளர் சொன்ன அளவுக்கு வைத்தால் கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. அந்தக் கால் மணியை மிச்சப்படுத்த, சுடர் அணைந்த பிறகும் கேஸை ஊற்றிக்கொண்டே இருக்கிற ஒரு இயந்திரத்தை மனிதர்கள் நடுவே ஓட்டுகிறோம். காற்றில் ஒரு பர்னர் அணையும். கேஸ் அறைக்குள் நிறையும். பக்கத்து பர்னரின் சுடர் அதைத் தொடும். இதை நான் கவனக்குறைவு என்று சொல்ல மாட்டேன். வயர் முறுக்கியவருக்கு அது எதற்கு என்று தெரியாமல் இருக்கலாம். அதைப் பார்த்தும் வேலையை நடத்தியவருக்குத் தெரியும்.

பற்றவைக்கும் முறையையும் இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். தானே பற்றவைக்கும் இக்னைட்டர் இருந்தால் அதைச் சரியாக வைத்திருங்கள். கம்பியில் துணி சுற்றி டீசலில் தோய்த்துக் கொளுத்தி நீட்டும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். கையால்தான் பற்றவைக்க வேண்டிய பழைய இயந்திரம் என்றால், நீண்ட லைட்டரின் சுடர் முதலில் பர்னர் வாயருகே இருக்க வேண்டும், கேஸ் பிறகு வர வேண்டும். முகம் பர்னர் வாய்க்கு நேரே இருக்கக் கூடாது. காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வர வேண்டும். ஒருமுறை பிடிக்கவில்லையென்றால் கேஸை மூடி, ஐந்து நிமிடம் காத்திருந்து, ஊதுவிசிறி இருந்தால் ஓடவிட்டு, பிறகுதான் மறுபடி. இரண்டாம் முறையில்தான் பல முகங்கள் கருகுகின்றன, ஏனென்றால் முதல் முறை வந்த கேஸ் எங்கும் போய்விடவில்லை.

டீசலைப் பற்றியும் பேச வேண்டும். தகட்டில் தார் ஒட்டாமல் இருக்க டீசலைத் தெளிக்கும் பழக்கம் இன்னும் நிறைய இடங்களில் இருக்கிறது. டீசல் 35 டிகிரிக்கு மேல் போனாலே பற்றக்கூடிய ஆவியை விட ஆரம்பிக்கலாம். தகடோ 130 டிகிரியில் இருக்கிறது. தெளித்த அந்த நொடியில் தகட்டின் மேல் டீசல் ஆவி மிதக்கிறது, பக்கத்திலேயே பர்னர் எரிகிறது. தீ பிடிக்காமல் போன நாட்கள் அதிர்ஷ்ட நாட்கள். ரோட்டுக்கும் அது கேடு, டீசல் தாரைக் கரைத்து இளக்கும். ஒட்டாமல் இருக்கவென்றே தயாரித்த கரைசல்கள் கிடைக்கின்றன. எதைத் தெளித்தாலும் பர்னர் அணைந்த பிறகு தெளியுங்கள்.

தார் ஸ்பிரேயர் வண்டி வைத்திருப்பவர்கள் சிலரும் வந்திருக்கிறீர்கள். தொட்டிக்குள் ஓடும் தீக்குழாயின் மேல் குறைந்தது 15 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தார் நிற்காமல் பர்னரை ஏற்றாதீர்கள். குழாய் வெளியே தெரிந்தால், பழுத்த இரும்பும் தார் ஆவியும் மூடிய தொட்டிக்குள் சந்திக்கும். தெளிக்கும்போதும் வண்டி ஓடும்போதும் பர்னர் அணைந்தே இருக்க வேண்டும். சூடான தார் இருந்த தொட்டியில் எமல்ஷன் ஏற்றுபவர்கள் முதலில் தொட்டியை ஆறவிடுங்கள். எமல்ஷனில் தாரோடு கணிசமான அளவு தண்ணீரும் இருக்கிறது. தண்ணீர் ஆவியானால் சுமார் 1,600 மடங்கு பெருகும், தொட்டியிலிருந்து தார் பொங்கி மேலே வரும். ஹாட் மிக்ஸ் பிளாண்ட்டின் டிரம் பர்னர் தனி உரைக்கு உரிய பெரிய விஷயம். ஆனால் அங்கேயும் சட்டம் இதுவே, முதலில் விசிறியை ஓட்டி டிரம்மைக் காலி செய், பிறகு ஏற்று, சுடரைப் பார்க்கும் போட்டோசெல்லை மறைக்காதே.

மின்சாரத்தில் சூடாகும் ஸ்க்ரீட்டுகள் இப்போது நிறைய வந்துவிட்டன. வாங்க முடிகிறவர்கள் அதை வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் கேஸ் பர்னர் பேவர்கள் இன்னும் பல வருடம் நம் ரோடுகளில் ஓடும். கைமாறிக் கைமாறி, கையேடு தொலைந்து, தெரிந்தவர்கள் விலகிப்போய், கடைசியில் ஒரு சின்ன ஒப்பந்ததாரரிடம் வந்து நிற்கும் பேவர்களைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன்.

சைட் இன்ஜினியர்களுக்கும் ஒப்பந்ததாரர்களுக்கும் இப்போது நேராகச் சொல்கிறேன். முதல் டிப்பர் ஆறரை மணிக்கு வரும் என்றால், ஆட்களை ஆறு மணிக்கு வரச் சொல்லாதீர்கள். கலவை ஆறிக்கொண்டிருக்க, டிரைவர் ஹாரன் அடிக்க, ஃபோர்மேன் கத்த, அந்த நெருக்கடியில் சோப்புத் தண்ணீர் யாரும் எடுக்க மாட்டார்கள். ஸ்க்ரீட் சூடாகவே அரை மணி நேரம் வேண்டும்; பார்வையிட இன்னொரு அரை மணி. இதைக் கூலி நேரமாகக் கணக்கில் எழுதுங்கள். பர்னர் ஏற்றுவதற்கு அன்றைக்குத்தான் வந்து சேர்ந்த பையனை அனுப்பாதீர்கள். கூட்டத்தில் வயது குறைந்தவரும் மொழி தெரியாதவரும்தான் எப்போதும் அந்த இடத்தில் நிற்கிறார்கள். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து நம் ரோடுகளைப் போடுகிற தம்பிகளுக்கு அவர்கள் மொழியிலேயே சொல்ல ஒருவர் இருக்க வேண்டும். இயந்திரத்தில் கை வைக்கும்போது இன்ஜின் சாவியும் பேட்டரி சுவிட்சின் சாவியும் வேலை செய்கிறவரின் சட்டைப்பையில் இருக்கட்டும்.

தீ பிடித்துவிட்டால்? கேஸ் தீயை ஊதியோ அடித்தோ அணைக்க முயல வேண்டாம். வால்வை மூடினால் தீ தானே நிற்கும். வால்வை மூட முடியாமல் சுடரை மட்டும் அணைத்தால், எரிந்துகொண்டிருந்த கேஸ் எரியாமல் பரவி, வேறு இடத்தில் பெரிதாகப் பற்றும். அதனால் சிலிண்டர் வால்வுக்குப் போகும் வழியில் எப்போதும் எதுவும் இருக்கக் கூடாது. பர்னரைத் தாண்டிப் போய்த்தான் வால்வைத் தொட முடியும் என்றால் சிலிண்டர் இருக்கும் இடமே தவறு. பக்கத்தில் பற்றிய டீசலுக்கும் தாருக்கும் உலர்பொடித் தீயணைப்பான் போதும்; சூடான தாரில் தண்ணீர் ஊற்றாதீர்கள். தீ சிலிண்டரின் உடம்பையே நக்க ஆரம்பித்துவிட்டால் இயந்திரத்தை விட்டுவிட்டு எல்லோரும் தூரம் போய்விட வேண்டும். பேவர் திரும்ப வாங்கக்கூடிய பொருள். கேஸ் கசிவுக்கு 1906, ஆம்புலன்ஸுக்கு 108. இந்த இரண்டையும் பேவரின் பக்கவாட்டில் பெயின்டில் எழுதி வையுங்கள்.

வெந்த இடத்தில் ஓடும் தண்ணீரை இருபது நிமிடம் விடுங்கள். பேனா மை, பற்பசை, மாவு எதுவும் வேண்டாம். தோலில் ஒட்டிய தாரைப் பிய்க்காதீர்கள், தோலோடு வந்துவிடும். அதன் மேலேயே தண்ணீர் ஊற்றிக் குளிரவைத்து மருத்துவரிடம் விட்டுவிடுங்கள். ஆகவே பேவர் நிற்கும் இடத்தில், ரோலருக்கான தண்ணீர் வண்டி இருந்தாலும், இதற்கென்று ஒரு டிரம் சுத்தமான தண்ணீரும் ஒரு குவளையும் தனியாக இருக்க வேண்டும். அதை இன்றைக்கே, திரும்பிப் போனதும் வைத்துவிடுங்கள்.

வெளியே ஒரு பேவர் நிற்கிறது. அதன் சென்சரைக் கழற்றித் துடைத்து மாட்டிக் காட்டப் போகிறேன். இதுவரை பர்னர் ஏற்றாத ஹெல்பர்கள் முதல் வரிசையில் வந்து நில்லுங்கள்.